முதல் வண்டியும் மூன்று பட்டியலும்

வெளியூரில் குடியேறிய நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் வண்டி வாங்கிய வரலாறு ஒன்று உண்டு. அந்த வரலாறுகளில் ‘எதைத் தேர்ந்தெடுத்தோம்’ என்னும் பேச்சுக்கே முன்னாளில் இடம் இருந்ததில்லை. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். முறை வந்தபோது எந்த நிறம் வந்ததோ, அதுவே வீட்டாருக்குப் பிடித்த நிறமாயிற்று. கார் என்றால் அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றே பெயர்கள் சொல்வார்கள். 1961-இல் வந்த ஹெரால்டு சென்னையில் கட்டப்பட்டது என்பதில் நம்மவர்க்கு ஒரு தனிப் பெருமை. கிடைத்ததைக் கொண்டு மனநிறைவு அடைவது அந்தத் தலைமுறைக்குக் கைவந்த கலை.

இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. பணம் படைத்தவன் முன் நிற்கும் கேள்வி ‘கிடைக்குமா’ என்பதன்று. ‘இவற்றுள் எது வேண்டும்’ என்பதே. முன்னைய கேள்விக்குப் பொறுமை போதும். பின்னைய கேள்விக்குத் தன்னை அறிந்திருக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டில் நான் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆர்டர் கொடுத்தபோது இதை உணர்ந்தேன். அண்மையில் சங்கத்து அன்பர் இருவர் இது குறித்து என்னை விசாரித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் 1967-இல் அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து புனேக்கு வந்தவர். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றார். கடைசி வரை சைக்கிளைத் தவிர வேறு வண்டி அவருக்கு இருந்ததில்லை. நான் போசரியில் சிறு கடைசல் பட்டறை வைத்து முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இதற்கு முன் ஓட்டியவை எல்லாம் பிறர் ஓட்டிக் கழித்த கார்களே. ஆகவே இது என் முதல் புதுக் கார்; அதுவும் ஐம்பத்து நான்காம் வயதில், போர்ஷே நிறுவனத்தின் 718 கேமன். ‘இந்தப் பணத்தில் ஒரு வீடு வாங்கலாமே’ என்று கேட்ட உறவினர் பலர். அவர்கள் கேட்டதில் குறை காண மாட்டேன். இயந்திரங்களோடு வாழ்ந்தவனுக்கு, நன்கு செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தைத் தன் கையால் இயக்க வேண்டும் என்ற ஆசை வாழ்நாள் முழுதும் இருந்துவருவது. ஆயினும் அந்த ஆசைக்கு ஓர் எல்லை வேண்டும் என்று என் மனைவியும் நானும் ஒரு தொகையை எழுதி வைத்துக்கொண்டோம். அதற்கு அப்பால் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் எங்கள் மகளின் மேற்படிப்புக்காகச் சேர்த்த பணத்திலிருந்தே வர வேண்டும். ஆதலால் அந்த எல்லை வெறும் கணக்கன்று.

இந்த வகைக் கார்களில் விலைப்பட்டியலில் காணும் விலை தொடக்கம் மட்டுமே. அதன்மேல் ‘ஆப்ஷன்’ என்று பெயரிட்ட கூடுதல் அம்சங்கள் பக்கம் பக்கமாக நீளும். இது புதிய வழக்கமும் அன்று. 1964 ஏப்ரலில் அமெரிக்காவில் போர்டு நிறுவனம் மஸ்டாங் என்னும் காரை வெளியிட்டபோது, 2,368 டாலர் என்ற எளிய தொடக்க விலையைக் காட்டி, அதன்மேல் நீண்டதொரு விருப்பப் பட்டியலையும் வைத்தது. முதல் ஓராண்டில் நான்கு லட்சத்திற்கு மேல் விற்றது. ஏழை எழுத்தரும் வாங்கலாம், செல்வரும் வாங்கலாம். ஒவ்வொருவரும் தம் வண்டி தமக்கே உரியது என்று எண்ணலாம். வணிகத்தில் அது பெரிய சாதுரியம் என்பதை மறுப்பதற்கில்லை.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் அம்சத்தின் விலை வண்டியின் மதிப்போடு சேர்ந்துவிடுகிறது. முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் காரின் மதிப்பு 40,000 டாலருக்கு மேற்பட்டால், 2022-இல் சுங்கவரி மட்டுமே நூறு விழுக்காடு. அதன்மேல் ஜி.எஸ்.டி., அதன்மேல் மாநிலத்தின் வாகன வரி, பிறகு ஆண்டுதோறும் காப்பீடு. ஜெர்மனியில் ஒருவர் நூறு ரூபாய் மதிப்பில் வாங்கும் அலங்காரம் இங்கே இருநூறையும் தாண்டிவிடுகிறது. எனவே ‘இது சிறு தொகைதானே’ என்ற எண்ணம் அங்கே செல்லலாம், இங்கே செல்லாது.

என் தமக்கையின் மகன் கார்களைப் பற்றி அறியாதது இல்லை. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எனக்காக ஒரு பட்டியல் தயாரித்தான். அழகான பட்டியல்தான். கூட்டிப் பார்த்தால் எங்கள் எல்லையை ஐந்தில் ஒரு பங்கு தாண்டி நின்றது.

“மாமா, வாழ்க்கையில ஒரு தடவை வாங்குறீங்க. எதையும் விட்டுடாதீங்க. பின்னால விக்கும்போது விலை கிடைக்கும்” என்றான்.

என் மனைவி அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தாள். பிறகு, “ஏங்க, இதுல எது உங்களுக்கு, எது பார்க்கிறவங்களுக்கு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

அன்று இரவே நான் பட்டியலை மூன்றாகப் பிரித்தேன். தொழிற்சாலையில் அன்றி வேறெங்கும் பொருத்த இயலாதவையும், ஓட்டுபவனின் உடல் நாள்தோறும் உணர்பவையும் முதல் பட்டியல். பின்னாளில் வேண்டுமானால் செய்துகொள்ளக் கூடியவை இரண்டாவது. பிறர் கண்ணுக்காக மட்டும் உள்ளவை மூன்றாவது.

மூன்றாம் பட்டியலே எளிதாக இருந்தது. காற்று வரும் துளைகளின் தகடுகளுக்குத் தோல் உறை, வண்டியின் நிறத்திலேயே சாவிக்கு வர்ணம், சக்கர நடுவில் வண்ண முத்திரை, இருக்கைப் பட்டைக்கு வேறு நிறம் எனப் பல. இவற்றைக் கண்டு நகைக்க வேண்டியதில்லை; ஆசைப்பட்டவர் வாங்கட்டும். எங்கள் கணக்கில் அவை அனைத்தும் ஒரே கோட்டில் அடிபட்டன. அந்தப் பட்டியலில் விலையே இல்லாத வரி ஒன்றும் இருந்தது: வண்டியின் பின்புறம் அதன் வகைப்பெயரைப் பொறிக்காமல் விடுவதற்குக் கட்டணம் கிடையாதாம். அதை மட்டும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

முதல் பட்டியலில்தான் உண்மையான வேலை இருந்தது. சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். இந்தக் காருக்கு 18 அங்குலச் சக்கரம் அடிப்படை. 20 அங்குலம் கூடுதல் விலை. பெரிய சக்கரம் கண்ணுக்குக் கம்பீரமானது. ஆனால் முன் டயரின் அளவுகளைப் பாருங்கள்: முன்னதில் 235/45, பின்னதில் 235/35. அகலம் 235 மில்லிமீட்டர். அதில் 45 விழுக்காடு டயரின் பக்கச் சுவரின் உயரம் என்றால் 106 மில்லிமீட்டர். 35 விழுக்காடு என்றால் 82. அந்த 24 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றுமே மழைக்காலப் பள்ளத்திற்கும் சக்கரத்தின் விளிம்புக்கும் இடையே நிற்கும் காவல். கூடுதல் பணம் கொடுத்து அந்தக் காவலைக் குறைத்துக்கொள்வானேன்? 18 அங்குலமே போதும் என்று முடிவு செய்தேன்.

அடுத்து ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். சாலைக்கேற்ப இறுக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. அது வண்டியை 10 மில்லிமீட்டர் தாழ்த்தும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் குடியிருப்புகளில் உள்ளவை அந்த விதியைக் கண்டவை அல்ல என்பது எல்லாரும் அறிந்ததே. ஆகவே சோதனை ஓட்டத்திற்கு வந்த காரை எங்கள் வீட்டு வாயில் மேட்டின்மேல் ஏற்றிப் பார்த்தேன். அது அந்த அமைப்புக் கொண்டது. சற்றுச் சாய்வாகச் சென்றால் அடி தட்டாமல் கடந்தது. அதை எடுத்துக்கொண்டேன். வாங்க எண்ணுபவர்கள் கடைத்தெருவின் நல்ல சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாமல், தாம் நாள்தோறும் செல்லும் மோசமான சாலைக்கே வண்டியைக் கொண்டு செல்ல வேண்டும்.

இருக்கை விஷயத்தில் தீர்ப்புச் சொன்னவர் எழுபத்தாறு வயதான என் அன்னையார். இரு புறமும் உயர்ந்த அணைப்புள்ள இருக்கை, வளைவுகளில் உடம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அம்மாவை விற்பனைக் கூடத்திற்கு அழைத்துச் சென்று அதில் அமர வைத்தேன். அமர்ந்துவிட்டார். எழ முயன்று, அந்த மேட்டில் தொடை தடுக்கவே, “ஏய்யா, இதுல இருந்து என்னைத் தூக்கதுக்கு உம் பட்டறையில இருந்து கிரேன் கொண்டாரணும் போலிருக்கே” என்றார். அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பக்க அணைப்புக் குறைந்த சாதாரண இருக்கையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே முயற்சியில் எழுந்தார். இரண்டே இருக்கைகள் உள்ள வண்டியில் இரண்டாவது இருக்கை யாருக்கு என்பதை எண்ணாமல் எவ்வாறு தேர்ந்தெடுப்பது? சாதாரண இருக்கையே எழுதினேன். சித்திரை வெயிலை எண்ணிக் காற்றோட்ட வசதியை அதனுடன் சேர்த்தேன்.

பீங்கான் பிரேக்குகளைப் பற்றி மருமகன் நெடுநேரம் வாதாடினான். 2001-இல் போர்ஷே தன் கார்களில் கொண்டுவந்த அவை, இரும்பினும் ஏறத்தாழப் பாதி எடை உடையவை. பந்தயத் தளத்தில் மீண்டும் மீண்டும் சூடேறினாலும் தளராதவை. தேய்ந்து மாற்றும் நாளில் செலவும் அதற்கேற்பப் பெரிது. காத்ரஜ் மலைப்பாதையிலும் சாத்தாரா வழியில் கம்பட்கி இறக்கத்திலும் முறையாக ஓட்டுபவனுக்கு இரும்பு பிரேக்குகள் தாராளம். விட்டுவிட்டோம். மற்றொன்று, முகப்பில் ஒரு கடிகாரமும் ஸ்டீயரிங்கில் ஒரு திருகியும் தரும் ஸ்போர்ட் குரோனோ என்னும் தொகுப்பு. தானியங்கிக் கியர் உள்ள இந்தக் கார் நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.9 விநாடியில் எட்டும். அந்தத் தொகுப்பு இருந்தால் 4.7 விநாடி. கண் இமைக்கும் நேரத்தை விலை கொடுத்து வாங்குவது என்பதை அங்கேதான் கண்டேன்.

மருமகன் சொன்னது எல்லாம் தள்ளுபடி ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம். எதிர்வரும் வண்டிக்குக் கண் கூசாமல், வளைவுக்கு ஏற்றவாறு தானே திரும்பும் முகவிளக்குகளை அவன் வற்புறுத்தினான். “மாமா, ஊருக்கு ராத்திரியில போவீங்கல்ல?” என்று கேட்டான். புனேயிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர். இருட்டில் சாலை தெரிவதைக் காட்டிலும் சிறந்த ஆடம்பரம் வேறில்லை. பின்னாளில் வெளியில் பொருத்தி அதற்கு ஈடு செய்யவும் முடியாது. அவன் சொல்லே நின்றது. நிறத்துக்கும் கூடுதல் விலை உண்டு. உலோகப் பளபளப்புக் கொண்டவற்றுக்கு அதிகம். கூடுதல் விலையில்லாத நிறங்களில் சிவப்பும் ஒன்று. “குங்குமக் கலர், மங்களமா இருக்கு” என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்குமேல் அங்கே விவாதம் இல்லை.

விற்கும்போது விலை கிடைக்கும் என்ற வாதத்துக்கும் விடை சொல்ல வேண்டும். பழைய வண்டிச் சந்தையில் வண்டியின் வயதும் நிலையும் விலை பேசுகின்றன. கூடுதல் அம்சங்களுக்குக் கொடுத்த பணமும், அதன்மேல் கட்டிய வரியும் அங்கே முழுதாகத் திரும்புவதில்லை. நன்கு தேர்ந்த அம்சம் விற்பனையை விரைவுபடுத்தலாம். செலவை மீட்டுத் தராது. விற்கும் நாளை எண்ணி வாங்குபவன், வைத்திருக்கும் நாட்களை வேறொருவனுக்காக வாழ்கிறான்.

குறித்த நாளுக்குப் பிறகு தொழிற்சாலை எந்த மாற்றத்தையும் ஏற்காது. அந்த நாளுக்கு முன்னதாகவே கையெழுத்திட்டோம். எல்லைக்குள் சிறிது மீதமும் இருந்தது. அதன் ஒரு பகுதியைக் கொண்டு, கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் பந்தயத் தளத்தில் இரண்டு நாள் ஓட்டுநர் பயிற்சி பெற்றேன். பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவர்தனின் பெயர் தாங்கிய தளம் அது. பிரேக்கை எங்கே தொடங்கி எங்கே விட வேண்டும் என்று அங்கே கற்றது, எந்தப் பட்டியலிலும் விலை போடப்படாத அம்சம். மற்றொரு பகுதி டயருக்கும் காப்பீட்டுக்கும் என்று ஒதுங்கியது. மகளின் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. அவள் 2023-இல் மேற்படிப்புக்குச் சென்றபோது கட்டணத்தை உரிய நாளில் கட்டினோம்.

வண்டி வந்து ஆண்டுகள் சில ஆகின்றன. முன்னால் 150 லிட்டர், பின்னால் 275 லிட்டர் என்று இரண்டு பெட்டி இடங்கள் இருப்பதால், ஊரிலிருந்து அரிசி அப்பளமும் வடகமும் கொண்டுவரத் தடையில்லை. விட்டுவிட்டவற்றுள் எதையும் நான் இதுவரை தேடியதில்லை.

இத்தகைய வண்டியை வாங்கும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டாம். முதலில் தொகையை எழுதுங்கள். பிறகு பட்டியலைத் திறவுங்கள். அடுத்த இருக்கையில் அமரப் போகிறவரை அழைத்துச் சென்று அரை மணி நேரம் அமர வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அது யாருக்காக என்று ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் எழுத இயலாத வரிகளைப் பென்சிலால் அடித்துவிட்டு, மீதியை வீட்டில் உள்ளவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டிய பின் கையெழுத்திடுங்கள்.