அண்ணன் வண்டியும் ரெண்டு இன்ச் ஆசையும்

பிக்கப்பைத் தூக்கி நிறுத்தி, தடியா டயர் மாட்டினா சும்மா கெத்தா இருக்கும்ல? எங்க பெரியம்மா பையனுக்கும் அதே ஆசை. ஒரகடம் பக்கம் தண்ணி கேன் லோடு அடிக்கிறார். மாசம் பிறந்தா டியூ கட்டணும். மழை பெய்ஞ்சா கம்பெனிகளுக்குப் பின்னாடி இருக்கிற மண் ரோட்டுல வண்டி அடி தட்டுதாம். "மறைமலை நகர்லதானே இன்டர்ன்ஷிப் பண்றே... எத்தனை இன்ச் ஏத்தலாம், சொல்லு தம்பி"ன்னார்.

இந்த ஊர்ல இருந்துக்கிட்டு முழிக்க முடியுமா? 2003-லேர்ந்து ஃபோர்டு எண்டேவர் தயாரான ஊராச்சே. அந்த வண்டியே ரேஞ்சர் பிக்கப்பை அடிப்படையா வெச்சு உருவானதுதான். (2022-ல அந்த ஃபேக்டரியில கார் தயாரிப்பு நின்ன கதையை எங்க டீக்கடையில கேளுங்க, ரெண்டு டீ ஆகும்.)

நீங்க முதல்ல பார்க்க வேண்டியது, எது தட்டுதுங்கிறதைத்தான். லிஃப்ட் போட்டா உயர்றது பாடியும் சேஸும். பின் ஆக்சில் நடுவுல உருண்டையா தொங்குற டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்த பெரிய டயர்தான் வேணும். அதுலயும் பாதிதான் கிடைக்கும்.

கணக்குப் போடுவோமா? உதாரணத்துக்கு 245/70 ஆர்16 டயர். 245 மி.மீ. அகலம், அதுல 70 சதவிகிதம் பக்கச் சுவர், 16 இன்ச் ரிம். மொத்த உயரம் சுமார் 749 மி.மீ. அதுக்குப் பதிலா 265/75 ஆர்16 மாட்டினா 804. வித்தியாசம் 55. ஆக்சில் உயர்றது வெறும் 27! இதுக்காக ஸ்பீடோமீட்டர் 60 காட்டுறப்போ நிஜமா 64-ல போவீங்க. இழுவை குறையும். ஸ்டீயரிங் ஒடிச்சா டயர் உரசும். உரசாம இருக்க லிஃப்ட் போடணும். லிஃப்ட் போட்டா 1,200 கிலோ தண்ணியும் சேர்ந்து மேல ஏறும். சிங்கப்பெருமாள் கோவில் திருப்பத்துல அதை வளைச்சுப் பாருங்க, புரியும்.

சட்டம் வேற இருக்கு. கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டுமே. எஃப்.சி. நின்னா லோடு இல்லை. லோடு இல்லேன்னா டியூ?

ஞாயித்துக்கிழமை டேப்போட வண்டிக்கு அடியில படுத்தேன். டிஃபரன்ஷியல்ல கீறலே இல்லை. சைலன்சர் குழாய்தான் நசுங்கியிருந்தது. பின் லீஃப் ஸ்பிரிங் வளைவே இல்லாம தட்டையா கிடந்துச்சு. ஒரு பக்கம் மூணு செ.மீ. இறங்கியிருக்கு. அண்ணன் கேட்ட ரெண்டு இன்ச்ல பாதிக்கு மேல அங்கேயே தொலைஞ்சிருக்கு!

கம்பெனி அளவுலயே புது ஸ்பிரிங் செட். டயரும் அதே சைஸ், பட்டன் மட்டும் ஆழம். லோடு இண்டெக்ஸ் 112, அதாவது டயருக்கு 1,120 கிலோ. இந்த நம்பரைப் பார்க்காம டயர் வாங்கிடாதீங்க பாஸ்.

கெத்து? அண்ணன் விடுவாரா... முன்னாடி கண்ணாடி மேல பெருசா 'அம்மா துணை' ஒட்டிட்டார்.