வாசலில் கிடக்கும் செருப்புகள்

துப்பாக்கி உரிமம் கேட்டவர் வீட்டுக்கு விசாரணைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது வாசலில் கிடக்கும் செருப்புகளைத்தான். விண்ணப்பத்தில் குடும்பத்தார் நாலு பேர் என்று இருக்கும். வாசலில் பதினோரு ஜோடி கிடக்கும். யார் யார் வந்து போகிறார்கள், யார் மாடியில் தனியாக இருக்கிறார்கள், கல்லூரியில் படிக்கும் பையன்கள் எத்தனை பேர், எல்லாவற்றையும் அந்தச் செருப்புகளிலிருந்தே பேச ஆரம்பிக்கலாம். ஆம்பூரில் மட்டும் இந்தக் கணக்கு சில சமயம் உதைக்கும். ஷூ கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் இருபது ஷூ இருந்தது, அத்தனையும் வலது கால். வெளிநாட்டு வியாபாரிக்குக் காட்ட ஒற்றைக் காலாகச் செய்த சாம்பிள் என்று எனக்குப் புரிவதற்குள் டீ ஆறிவிட்டது.

வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்றங்கரை ஸ்டேஷன்களில் கான்ஸ்டபிளாகத் தொடங்கி எஸ்.ஐ.யாக முடித்தவன் நான். திருட்டு, விபத்து, அடிதடிக்கெல்லாம் பயிற்சி கொடுத்தார்கள். இந்த வீட்டு விசாரணையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது: விண்ணப்பம் வந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்க வேண்டும். அதற்கு 30 நாள் என்று 2016ஆம் ஆண்டு விதிகள் கெடு வைத்தன. கெடுவுக்குள் அறிக்கை போகாவிட்டால் அதற்காகக் காத்திராமல் கலெக்டர் முடிவெடுக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதனால் ரைட்டர் மேஜையில் இருபத்தைந்து நாள் தூங்கிய காகிதம் இருபத்தாறாம் நாள் பைக்கில் பறக்கும். அவசரத்தில் போகிற விசாரணையில் டீயும் பிஸ்கட்டும்தான் நடக்கும். வேறொன்றும் நடக்காது.

எங்கள் பக்கத்தில் கேட்பவர்களில் பலர் தோல் தொழில்காரர்கள். தோல்காரர்களுக்குத் துப்பாக்கி எதற்கு? முன்பு அதற்கு நேரான பதில் இருந்தது. சனிக்கிழமை கூலி. நூற்றுக்கணக்கான ஆட்களுக்குப் பட்டுவாடா செய்ய வேண்டிய பணம் பேங்கிலிருந்து பையில் வரும். பச்சைத்தோல் வாங்கச் சென்னைப் பெரியமேட்டுக்குப் போகிறவரும் ரொக்கத்தோடுதான் ரயில் ஏறுவார். கூலியும் கொள்முதலும் பேங்க் கணக்குக்கு மாறிய பிறகு அந்தப் பை மெலிந்துவிட்டது. விண்ணப்பங்கள் அந்த அளவுக்கு மெலியவில்லை. பாதி கௌரவம்தான். அதற்கும் வேர் உண்டு. 1878இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டப்படி, துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி பெற்ற இந்தியன் என்றால் சர்க்கார் நம்பிய ஆள் என்று பொருள். தாத்தா காலத்து இரட்டைக் குழல் சில வீடுகளில் சுவரில் போட்டோவுக்குப் பக்கத்தில் இருப்பது அதனால்தான். (வேலூர் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில், புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் பட்டையும் ஒன்று. இந்தச் சீமையில் தோலும் துப்பாக்கியும் பழைய உறவுக்காரர்கள்.)

கௌரவத்தையும் அச்சத்தையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு கேள்வி உதவியது. “எதுக்குத் துப்பாக்கி?” என்று கேட்டால் எல்லோரும் மனப்பாடமாக “உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு” என்பார்கள். அதை விட்டுவிட்டு, “கடைசியா எப்ப பயந்தீங்க?” என்று கேட்பேன். உண்மையில் மிரட்டப்பட்டவர் கிழமை சொல்வார், எந்த வளைவில் எந்த வண்டி குறுக்கே நின்றது என்று சொல்வார், சொல்லும்போது குரல் இறங்கும். மற்றவர், “காலம் கெட்டுப்போச்சே சார்” என்பார்.

அடுத்தது பீரோ. துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பேன் என்று உறுதிமொழி தர வேண்டும் என்பதால் எல்லோருமே இரும்பு பீரோவைக் காட்டுவார்கள். நான் பீரோவைப் பார்ப்பதில்லை, சாவியைக் கேட்பேன். ஒரு வீட்டில் அப்பா பாக்கெட்டைத் தடவிக்கொண்டிருக்கும்போதே ஏழு வயதுப் பெண் ஓடிப்போய்க் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்து, “இந்தாங்க அங்கிள்” என்று என் கையில் கொடுத்தாள். அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. வேண்டாம் என்று எழுதவில்லை. சுவரில் பதித்த தனிப் பெட்டி ஒன்று, தோட்டாவுக்கு வேறு பூட்டு, இரண்டையும் செய்துவிட்டுச் சொல்லுங்கள் என்று வந்தேன். ஜப்பானில் துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனிப் பூட்டில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம் என்று பின்னால் படித்தபோது, அந்தக் குழந்தைதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

செருப்பு எண்ணும் பழக்கம் ஒரு தவறிலிருந்து வந்தது. ஊர் வேண்டாம். பெரிய வீடு, நல்ல மனிதர், வழக்கு எதுவும் இல்லை. ஹாலில் உட்கார்ந்து பேசிவிட்டு, “நன்னடத்தை உள்ளவர், பரிந்துரைக்கலாம்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாடிக்குப் போகவில்லை. மாடியில் தம்பி குடும்பம், தனி அடுப்பு, பாகப்பிரிவினைத் தகராறு ஐந்து வருஷமாக. உரிமம் கிடைத்த இரண்டாம் வருஷம் ஒரு இரவு அண்ணன் துப்பாக்கியோடு முற்றத்துக்கு வந்து மேலே பார்த்துச் சுட்டுவிட்டார். காரை பெயர்ந்து விழுந்ததோடு போயிற்று. உரிமமும் போயிற்று. நான் விசாரணைக்குப் போன அன்று வாசலில் செருப்புகள் இரண்டு வரிசையாக, நடுவே ஒரு கஜம் இடைவெளி விட்டு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததை யோசிக்கவில்லை. பின்னாளில் ஒரு செய்தி படித்தேன். இங்கிலாந்தில் பிளிமத் நகரில் ஒருவனிடமிருந்து போலீஸ் வாங்கி வைத்த துப்பாக்கியை 2021 ஜூலையில் திருப்பிக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று அவன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கேயும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

நல்லவரா கெட்டவரா என்பது இந்த விசாரணையின் கேள்வியே அல்ல என்று அந்த முற்றத்துச் சம்பவத்துக்குப் பிறகுதான் விளங்கியது. நல்லவருக்கும் கோபம் வரும். கோபம் வருகிற ராத்திரி அந்த வீட்டில் சாவி யார் கையில் இருக்கும்? அது விண்ணப்பக்காரரிடம் கேட்டுத் தெரிகிற விஷயம் இல்லை. அவருடைய மனைவி, தம்பி, எதிர்வீட்டுக்காரர், டிரைவர், இவர்களிடம் வேறு ஏதோ பேசும்போது தெரிகிற விஷயம்.

மலையடிவாரத்தில் ஒருவர் கேட்டிருந்தார். வேர்க்கடலைக் காட்டைப் பன்றி உழுதுவிடுகிறது, மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி வேண்டும் என்று. பயிரைக் காக்க அந்த வகைத் துப்பாக்கிக்குச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இடம் உண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அவர் வீட்டில் பீரோ இல்லை. கதவுக்குப் பூட்டே கயிறுதான். “எங்கே வைப்பீங்க?” என்றேன். விட்டத்தைக் காட்டினார். மருந்து? அடுப்புக்கு எதிர்மூலை, சுரைக்குடுவையில். பெரிய வீடுகளில் நான் கேட்ட எந்தப் பதிலையும்விட அது யோசித்த பதில். இருந்தாலும் பூட்டு இல்லாத வீட்டைப் பாதுகாப்பு என்று எழுதக் கை வரவில்லை. இரும்புப் பெட்டி ஒன்று வாங்குங்கள் என்றேன். விரல் விட்டுக் கணக்குப் போட்டார். “பன்னி தின்றதவிட பொட்டி அதிகமா தின்னும் போலிருக்கே சார்” என்று சிரித்துவிட்டு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தகர டின் தட்டி இரவுக் காவலுக்குப் போய்விட்டார். நான் செய்தது சரிதானா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

கடைசியாகத் திரைச்சீலை. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வீடுகள் பலவற்றில் முன்னறைக்கு அப்பால் ஒரு திரை இருக்கும். அதைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்தில் அதை இடைஞ்சலாக நினைத்தேன். எழுபது தாண்டிய பாய் ஒருவர் தன் துப்பாக்கியை மகன் பேருக்கு மாற்றக் கேட்டிருந்தார். உரிமக்காரருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்ற விதி இடம் தருகிறது. “எத்தனை தடவ சுட்டிருப்பீங்க பாய்?” என்று கேட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: “இவங்க ஒரு தடவகூட சுட்டது கிடையாது சார். நாப்பது வருஷமா எண்ணெய் போட்டுத் துடைச்சது நான்தான்.” பாய் தலையைக் குனிந்துகொண்டார். சாவி யாரிடம் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உரிமம் இல்லாதவர் ஆயுதத்தைக் கையாண்டது எந்தப் பிரிவில் வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எழுதவில்லை.

2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலை ஏப்ரலில் நிறுத்தி, ஆகஸ்ட் 5 அன்று நடத்தினார்கள். தேர்தல் என்றால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மார்ச்சில் கொண்டு வந்து கொடுத்தவர்கள் ஆடி மாதம் மறுபடியும் முனகிக்கொண்டே வந்தார்கள். பாயின் மகனும் வந்தார். ஒரு கையில் உறையோடு துப்பாக்கி. இன்னொரு கையில் தையல் மெஷின் எண்ணெய் பாட்டிலும் மடித்த பனியன் துணியும்.

“அம்மா கொடுத்தாங்க சார். போன தடவ திரும்பி வந்தப்ப குழல்ல துரு இருந்துச்சாம். மழ பெஞ்சா வாரத்துக்கு ஒருக்கா யாராவது துடைக்கணுமாம்.”

துப்பாக்கிக்குச் சீட்டுக் கட்டி ரசீது கொடுத்தோம். எண்ணெய் பாட்டிலை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று ரைட்டர் என்னைப் பார்த்தார்.