காசு வராத காலை

ஏடிஎம் மோசடி வழக்குகளில் வங்கியின் பதில் மனுவைப் படிக்காமலே சொல்லிவிடலாம். கார்டும் சரி, பின் நம்பரும் சரி. ஆகவே வாடிக்கையாளர்தான் யாரிடமோ கொடுத்திருக்கிறார். 2018-இல் என்னிடம் வந்த அம்மாவுக்கும் அதே பதில்தான் கிடைத்திருந்தது.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு, டெல்லியை ஒட்டிய நொய்டாவில் ஒரு மெஷினில் 11.50-க்கு மேல் இரண்டு தடவை, 12 மணி தாண்டியதும் இரண்டு தடவை, பத்துப் பத்தாயிரமாக 40,000 ரூபாய் போயிருந்தது. தேதி மாறினால் தினசரி வரம்பு புதிதாகத் தொடங்கும் என்று தெரிந்தவனின் வேலை.

பணம் போனதைவிட அவரை அரித்தது வங்கிக் கடிதத்தில் இருந்த ‘தாங்களோ தங்கள் குடும்பத்தினரோ’ என்ற வார்த்தைகள். மருமகனுக்கு வேலை டெல்லியில். வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு மருமகன் வரவில்லை.

வங்கி இன்னொன்றும் சொன்னது: ஐந்து நாள் கழித்துத்தான் புகார் வந்ததாம். இதற்குப் பதில் சுலபம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் தந்தவருக்கு நஷ்டமே கிடையாது. எண்ண வேண்டியது வேலை நாட்களை. இரண்டாம் சனி, ஞாயிறு, அதன்பின் பொங்கல் விடுமுறை இரண்டு நாள். புதன்கிழமை கிளை திறந்த அன்றே அம்மா எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்திருந்தார். முப்பது வருஷம் அரிசிக் கணக்கு எழுதிய கை, காகிதத்தை விடவில்லை.

பின் நம்பர் விஷயம்தான் இழுத்தது. வாடிக்கையாளர் மீது தவறு என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. நடைமுறையில் நுகர்வோர் மன்றமும் முதலில் நம்மைத்தான் பார்க்கும். கேமரா பதிவு கேட்டோம், அழிந்துவிட்டது என்றார்கள்.

“கார்டைக் கடைசியா எப்பம்மா மெஷின்ல போட்டீங்க?” என்று கேட்டேன்.

“மறுநா காலைல சார், போகி அன்னைக்கு. கரும்பு, மஞ்சக்கொத்து வாங்க மூவாயிரம் அடிச்சேன். காசு இல்லைன்னு கார்டைத் துப்பிருச்சு.”

“இதை ஏம்மா முதல்லயே சொல்லல?”

“பணந்தான் வரலையே, அதைப் போய் என்னத்தச் சொல்ல?”

பணம் வராததால் பாஸ்புக்கிலும் அது ஏறவில்லை. ஆனால் மெஷினின் ஜர்னலில் தோற்றுப்போன முயற்சியும் பதிவாகும். அதைத் தாக்கல் செய்ய வங்கிக்கு உத்தரவிடக் கோரி மனுப் போட்டேன். இரண்டு வாய்தா இழுத்தடித்துவிட்டு ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். அருப்புக்கோட்டை மெஷின், சனிக்கிழமை காலை 7.40, அதே கார்டு எண், கோரிய தொகை 3,000, போதிய இருப்பு இல்லை. நள்ளிரவில் நொய்டாவில் இருந்த கார்டு விடிந்ததும் அருப்புக்கோட்டைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் அதற்குள் போகாமல், பின் நம்பருக்கே திரும்பினார்.

அங்கே போனது போலிக் கார்டு. அம்மாவிடம் இருந்தது சிப் இல்லாத, காந்தப் பட்டை மட்டும் உள்ள பழைய அட்டை. எங்கோ ஒரு மெஷின் வாயில் கருவி பொருத்திப் பட்டையை நகலெடுத்து, மேலே பொடிக் கேமரா வைத்துப் பின் நம்பரைப் பார்த்துக்கொள்வது அப்போது நாடெங்கும் நடந்தது. அந்த அட்டைகளை 2018 முடிவதற்குள் மாற்றிவிடும்படி ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. மாற்ற வேண்டியது வங்கி. அம்மாவால் அதில் என்ன செய்திருக்க முடியும்?

40,000 ரூபாயை வட்டியோடு தரவும், மன உளைச்சலுக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்கவும் மன்றம் உத்தரவிட்டது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. பணம் ஏறிய பிறகு அம்மா ஆபீசுக்கு வந்தார். ஆணை ஆங்கிலத்தில் இருந்தது. கார்டு அவர் கையில்தான் இருந்தது என்கிற பத்தியை மட்டும் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டார். மகளுக்கு அனுப்ப வேண்டுமாம்.