பத்தாவது பிரதி

மை பதத்துக்கு வந்துவிட்டால் சத்தத்திலேயே தெரியும். கண்ணாடிப் பலகையில் ரோலரை முன்னும் பின்னும் ஓட்டும்போது முதலில் சேற்றில் நடப்பதுபோலச் சப்புச் சப்பென்று கேட்கும். அந்தச் சத்தம் இருக்கும்போதே ரோலரை அச்சுக்கான லினோலியம் ஷீட்டின் மேல் வைத்தால் போச்சு. இரண்டு ராத்திரி உட்கார்ந்து செதுக்கிய மெல்லிய கோடெல்லாம் மை ஏறி அடைத்துக்கொள்ளும். இன்னும் ஓட்ட வேண்டும். ரோலரைத் தூக்கி, திருப்பி, குறுக்கே ஓட்டி, மையை மேலும் மேலும் மெலிசாக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தச் சுர்ரென்ற சத்தம். அப்போது எடுக்கலாம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் மையைப் பார்க்கவே மாட்டார். எனக்கு முதுகைக் காட்டியபடி, ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் காகிதம் கிழித்துக்கொண்டிருப்பார். திரும்பாமலே "இன்னும் ஈரம்" என்பார். நான் ஓட்டுவேன். "இன்னும்." ஓட்டுவேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டால் மை தயார் என்று அர்த்தம்.

நான் பள்ளிப்பட்டுக்காரன். குசஸ்தலை ஆறு, ஆற்றைத் தாண்டினால் மலை, மலைக்கு அப்பால் ஆந்திரம். சுற்றுவட்டாரம் முழுக்கத் தறிச்சத்தம். எங்கள் நைனா குழித்தறியில் லுங்கி நெய்தவர். அவருக்குக் கட்டம் சரியாக விழவேண்டும்; முதல் முழத்தில் விழுந்த கட்டம்தான் கடைசி முழத்திலும் விழவேண்டும். இரண்டு இழை கூடினாலும் கடைக்காரர் துணியை மடித்துத் திருப்பித் தந்துவிடுவார். தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற பல்வரிசைக்குப் பெயர் அச்சு. வெல்லம் வார்க்கிற கட்டைக்கும் பெயர் அச்சு. நான் செய்கிற வேலைக்கும் அதே பெயர்தான். ஒன்றைப் போலவே இன்னொன்று வரவேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

முதலில் செதுக்கியது ஊர்ப் பெயரைத்தான். லினோ ஷீட்டில் 'பள்ளிப்பட்டு' என்று நேராக எழுதி, நேராகவே செதுக்கி, மை தடவி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தேன். அந்தப் பெயரில் மூன்று 'ப' இருக்கிறது. மூன்றும் நேராக நின்றன. மற்ற எழுத்தெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அன்றைக்கு வாத்தியார் ஒரு பட்டர் பேப்பரை எடுத்து, அதில் எழுதி, கவிழ்த்து, லினோ மேல் வைத்துக் காட்டினார். அதற்கப்புறம் எதைச் செதுக்கினாலும் முதலில் ஒரு கைக்கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன். லினோ கெட்டியாக இருந்தால் வெயிலில் ஐந்து நிமிஷம் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஐந்தே போதும். வெண்ணெய்போல உளி இறங்கும். உளியைப் பிடிக்காத கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நான் கத்திச் சொல்வேன். என் இடது ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

அப்போது சென்னைக்குப் போய்வந்து கற்றுக்கொண்டிருந்தேன். விடிகாலை பஸ் பிடித்துத் திருத்தணி, அங்கிருந்து மின்சார ரயில். பத்து நாள், பதினைந்து நாள் நடக்கிற பயிற்சிப் பட்டறைகள்தான் எனக்குக் கல்லூரி. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மையத்தில் கிராபிக்ஸ் கூடம் உண்டு. கற்க நினைக்கிறவர்கள் முதலில் அப்படி ஒரு கூடத்துக்குள் போய் ஒரு நாள் சும்மா நின்று பாருங்கள். மை வாசம், மண்ணெண்ணெய் வாசம், ஈரக் காகித வாசம் மூன்றும் பிடித்துப்போனால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அப்படி ஒரு பட்டறையில்தான் எட்சிங் பழகினேன். துத்தநாகத் தகட்டின் நாலு விளிம்பையும் அரத்தால் சாய்வாக ராவ வேண்டும். இல்லாவிட்டால் பிரஸ்ஸின் அழுத்தத்தில் காகிதம் கிழியும், மேலே போடுகிற கம்பளியும் கிழியும். பிறகு தகட்டில் மெழுகும் தாரும் கலந்த பூச்சு. அதில் ஊசியால் வரைய வேண்டும். வரைந்த இடத்தில் மட்டும் தகடு வெளியே தெரியும். அமிலத்தில் போட்டால் அந்த இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. நைட்ரிக் அமிலத்தில் தகட்டை விட்டதும் கோட்டின் மேல் குமிழி குமிழியாகக் கட்டும். அதைக் கோழி இறகால் தடவித் தடவி எடுத்துவிட வேண்டும். நான் முதல் தடவை இறகைக் கையில் வைத்துக்கொண்டு குமிழியின் அழகைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். குமிழி உட்கார்ந்த இடத்தில் அரிப்பு நின்றுபோய், கோடெல்லாம் பூச்சி தின்ற மாதிரி ஆனது.

அடுத்த தகடு நன்றாக வந்தது. மை பூசினேன். கஞ்சி போட்ட மல் துணியைப் பந்தாகச் சுருட்டித் துடைத்தேன். கடைசியில் உள்ளங்கையில் சீமைச்சுண்ணாம்பைத் துளி தடவிக்கொண்டு, தகட்டின் முகத்தை மேலோட்டமாகத் தடவினேன். காகிதத்தை வைத்து பிரஸ்ஸைச் சுற்றி எடுத்தால், அடேயப்பா! கோடு கருங்கறுப்பு, வெளி பளிச்சென்று இருந்தது. கூடப் படித்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். வாத்தியார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னொண்ணு எடு" என்றார்.

இரண்டாவது பிரதி மங்கலாக வந்தது. மூன்றாவதில் ஒரு மூலை கறுத்திருந்தது. நாலாவதில் காகிதம் காய்ந்துபோய் மையைப் பாதிதான் வாங்கியது. ஐந்தாவதை எடுத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வாத்தியார் வந்தார். முதல் பிரதியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இதை நீ எடுக்கலப்பா. அதுவா வந்துச்சு. பத்தாவதை எடு, பாக்கறேன்."

பிறகு என் பக்கத்தில் நின்று அவரே ஒரு தகட்டைத் துடைத்துக் காட்டினார். அந்தக் கையை நான் மறக்கவே முடியாது. மூன்று துணி வைத்திருந்தார். மை ஊறிய பழைய துணி முதலில், பாதி ஊறியது அடுத்து, சுத்தமானது கடைசியில். மணிக்கட்டு அசையவே இல்லை, தோள்தான் அசைந்தது. வட்டம் வட்டமாகத் துடைத்து, ஓரங்களுக்கு வந்ததும் மட்டும் வெளிப்பக்கமாக இழுத்துவிட்டார். ஒவ்வொரு பிரதிக்கும் அதே துணி, அதே வரிசை, அதே அளவு நேரம். ஒன்பது பிரதி எடுத்து வரிசையாகக் கொடியில் தொங்கவிட்டார். நான் அவற்றின் நடுவே நடந்தபோது ஒரே மழைத்துளியை ஒன்பது ஜன்னலில் பார்ப்பதுபோல இருந்தது. நைனாவின் லுங்கிக் கட்டம் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

பிரதிக்குக் கீழே பென்சிலால் 3/10 என்று எழுதுகிறோம். பத்தில் மூன்றாவது என்று பொருள். பத்து என்று எழுதிவிட்டால் பத்துதான். அதற்குப் பிறகு தகட்டின் குறுக்கே ஒரு கீறல் போட்டு விடவேண்டும். வாங்குகிறவர் ஒன்றாவதை வாங்கினாலும் பத்தாவதை வாங்கினாலும் கையில் கிடைப்பது ஒன்றாக இருக்க வேண்டும். அந்தச் சின்னப் பென்சில் எழுத்து ஒரு சத்தியம்.

காகிதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பருத்திக் காகிதத்தை முதல் நாள் ராத்திரியே நனைத்து, ஒற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றிப் பாரம் ஏற்றி வைப்போம். காலையில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி தெரியவேண்டும், ஈரம் ஒட்டக்கூடாது, மேலே மினுமினுப்பு இருக்கவே கூடாது. சென்னையில் பழகிய கணக்கு பள்ளிப்பட்டில் ஒத்துவரவில்லை. சித்திரையில் இங்கே பத்து நிமிஷத்தில் காகிதம் அப்பளமாகிவிடும். எனவே கோடையில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஏழு மணிக்குள் அச்செடுத்து முடிப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் தலைகீழ். மை காயவே காயாது. ஒரு வாரம் ஆனாலும் விரலில் ஒட்டும்.

ஊருக்குத் திரும்பிய புதிதில் என்னிடம் பிரஸ் கிடையாது. அதனால் சயனோடைப் செய்தேன், வெயிலே பிரஸ். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை. மறு வருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை அப்படிப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். நூறு மில்லி தண்ணீரில் 25 கிராம் பச்சை பெர்ரிக் அமோனியம் சிட்ரேட். இன்னொரு நூறு மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் பெர்ரிசயனைடு. இரண்டையும் சம அளவு கலந்து, இருட்டறையில் காகிதத்தில் பூசிக் காயவைக்க வேண்டும். மேலே முருங்கை ஈர்க்கு ஒன்றைப் பரப்பி, கண்ணாடி வைத்து வெயிலில் காட்டினால், மஞ்சள் பச்சை மெல்ல மெல்லப் பழைய செம்புபோலச் சாம்பல் பூக்கும். உள்ளே கொண்டுவந்து தண்ணீரில் அலசினால் நீலம் எழும்பி வரும், முருங்கை இலை வெள்ளையாக நிற்கும்.

எனக்கோ நீலம் எழும்பியது, கண் முன்னாலேயே வெளுத்தும் போனது. ஒரு மாதம் ரசாயனத்தைச் சந்தேகப்பட்டேன், காகிதத்தைச் சந்தேகப்பட்டேன், வெயில் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒரு மழைநாளில் கூரை ஓரம் அண்டாவில் பிடித்திருந்த தண்ணீரில் அலசினேன். நீலம் அப்படியே நின்றது. பிழை எங்கள் போர் தண்ணீரில். உப்புத் தண்ணீர், காரத்தன்மை உள்ளது. அந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. இப்போது முதல் அலசலுக்கு எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுகிறேன். இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நம் தண்ணீரோடு நாமே பேசித் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலர் அச்சு பழகியபோது வாத்தியார் ஒரு பெயர் சொன்னார்: கிருஷ்ணா ரெட்டி. எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், சித்தூர் மாவட்டம் நந்தனூரில் 1925-இல் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்து, கலாக்ஷேத்ராவில் கற்பித்து, பிறகு பாரிஸில் ஹேட்டர் என்ற அச்சுக் கலைஞரின் 'அத்தலியே 17' பட்டறையில் வேலை செய்தவர். 2018-இல் நியூயார்க்கில் காலமானார். ஒரே தகட்டில், ஒரே சுற்றில், பல நிறங்களைக் கொண்டுவரும் முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். அதன் சூட்சுமம் எண்ணெயில் இருக்கிறது. எண்ணெய் மிகுந்த இளகிய மையைக் கெட்டி ரோலரால் தகட்டின் மேட்டில் மட்டும் ஏற்ற வேண்டும். பிறகு கெட்டி மையை மெத்தென்ற ரோலரால் ஓட்டினால் அது பள்ளத்துக்குள் இறங்கும், இளகிய மையின் மேல் ஒட்டாது. அளவுக்கு நான் தராசு வைத்துக்கொள்வதில்லை. கத்தி நுனியில் மையை எடுத்துத் தூக்கிப் பிடிப்பேன். இளகியது நல்லெண்ணெய் மாதிரி நூலாக வடிய வேண்டும்; கெட்டி, மூன்று எண்ணும்வரை விழாமல் நிற்க வேண்டும். இந்த மூன்று எண்ணிக்கை பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

பிரஸ் பிறகுதான் வந்தது. கரும்புச் சாறு பிழிகிற எந்திரம்போல இரண்டு உருளை, நடுவே பலகை. ஒரு லேத் பட்டறையில் செய்யச் சொல்லி வாங்கினேன். இடப்பக்கம் அதிகமாக அழுத்தியது, எல்லாப் பிரதியும் ஒரு பக்கம் கறுத்தே வந்தது. உருளையின் இரண்டு ஓரத்திலும் ஒரே அகலத்தில் காகித நாடா செருகி இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது, மறுபக்கம் அறுந்தது. திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, இரண்டும் ஒரே இழுப்பில் வரும்வரை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். இன்றும் மாதம் ஒரு தடவை நாடா செருகிப் பார்ப்பேன்.

நைனாவின் தறி நின்ற அறையில்தான் இப்போது பிரஸ் நிற்கிறது. குழியை மூடவில்லை. மேலே பலகை போட்டிருக்கிறேன். அதற்குள் நனைத்த காகிதம் வைத்தால் சித்திரையிலும் குளிர்ச்சி போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். போன வாரம் ஒரு பெண் வேப்பிலைக் கொத்தை லினோவில் வெட்டி எடுத்தாள். முதல் பிரதி அற்புதம். என்னைப் பார்த்தாள். நான் முதுகைக் காட்டியபடி காகிதம் கிழித்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் பொறுத்து ரோலர் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. ஈரமாகத்தான் கேட்டது.

"இன்னும்" என்றேன்.

நீங்கள் வருவதானால் விடியற்காலையில் வாருங்கள், வெயிலுக்கு முன்னால். துடைக்கப் பழைய லுங்கி ஒன்று எடுத்து வாருங்கள். பத்துத் தடவை துவைத்ததாக இருக்கட்டும், புதுத்துணி மையை வாங்காது.