வாளையார் காற்றுக்கு ஒரு கழுத்துச்சுற்று

வாளையாரில் இருந்துகொண்டு கழுத்துச்சுற்று பின்னுகிறாயா என்று சிரிக்கிறார்கள். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்றில் விடியற்காலை ஸ்கூட்டர் ஓட்டிப் பார்க்கட்டும்.

கம்பளி எனக்குக் குத்தும். அதனால் கேபிளும் லேஸும் கலந்த இந்தச் சுற்றுக்குப் பருத்தி நூல். என்ன, பருத்திக்கு இழுவை கிடையாது, கேபிள் அவ்வளவு எடுப்பாக நிற்காது. நாலு கண்ணியைத் துணை ஊசியில் ஒதுக்கி, அடுத்த நாலைப் பின்னிவிட்டு, ஒதுக்கியதைப் பின்னினால் ஜடை போல முறுக்கு விழும். அதுதான் கேபிள். லேஸுக்கு ஊசியில் நூலைச் சுற்றித் துளை விட்டு, பக்கத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்ன வேண்டும்.

கேபிள் துணியைச் சுருக்கும், லேஸ் விரிக்கும். அதனால் இரண்டையும் சேர்த்து முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, நனைத்து உலர்த்தி அளந்து பாருங்கள். அப்புறம் கண்ணி போடுங்கள்.