யாரிடம் சொல்லிவிட்டு

வரைபடத்தில் எந்த வழியில் கோடு போட்டாலும் முதலில் வாலஸ் வந்துவிடுகிறது. சியாட்டிலில் இருந்து கிழக்கே போகும் ஐ-90 நெடுஞ்சாலை, ஐடஹோவின் வடக்கில் ஒரு வெள்ளிச் சுரங்கப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் தூண்களின் மேல் ஏறிக்கொள்ளும். கீழே பழைய செங்கல் கட்டடங்களோடு ஊர். சியாட்டிலுக்கும் பாஸ்டனுக்கும் நடுவே அந்தச் சாலையில் கடைசியாக மிஞ்சிய சிக்னல் விளக்கு 1991 வரை இங்கேதான் இருந்தது. சாலைக்காக ஊரை இடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், ஊர்க்காரர்கள் கட்டடங்களை வரலாற்றுச் சின்னங்களாகப் பதிவு செய்துகொண்டார்கள். சாலை ஊருக்கு மேலே போக வேண்டியதாயிற்று. வேலையிழந்த சிக்னலைச் சவப்பெட்டியில் வைத்து இறுதி ஊர்வலமும் நடத்தினார்கள். இப்படியொரு ஊரைத் தாண்டி, நிற்காமல் போக மனம் வருமா?

முன்பு அங்கே போனபோது நாங்கள் இரண்டு பேர். கூட வந்த தோழி இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறாள், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறக்கங்களில் சைக்கிள் ஓட்டுவதில்லை. இரண்டு பேராகத் திட்டம் போடுவது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றிய சண்டை. ஸ்டவ்வா, ஓட்டலா என்பதிலேயே ஒரு மாலை போய்விடும். வழியைப் பற்றி யோசித்ததாகவே நினைவில்லை, யோசிக்காமல் விட்டதை மற்றவள் யோசித்திருப்பாள் என்று இருவருமே நம்பியிருக்கிறோம். இந்த முறை நான் மட்டும். மேசையில் வரைபடத்தை விரித்து, ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் மணி குறிக்கிறேன். போய்ச் சேரும் மணி இல்லை. எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டிய மணி.

வாலஸ், மிசூலா, ஹெலினா, அங்கிருந்து தெற்கே இறங்கி டீட்டன் மலைகள், பிறகு மேற்கே ஸ்டான்லி, பாய்ஸி வழியாக வீடு. காரின் பின்னால் சைக்கிள், காருக்குள்ளே படுக்கை. இவ்வளவுதான் திட்டம் என்று சொல்லிவிடலாம்.

வாலஸுக்குத் தெற்கே ஒரு ஓடையை ஒட்டி நடைபாதை போகிறது. தோழியும் நானும் மழைக்குப் பயந்து சைக்கிளைக் காரிலேயே விட்டுவிட்டு அன்று அதில் நடந்தோம். முடிவில், எதிர்ச் சரிவில் ஒரு சின்னச் சுரங்க வாய் தெரியும். 1910 ஆகஸ்ட் 20. காய்ந்துகிடந்த காடுகளில் சிதறி எரிந்துகொண்டிருந்த தீக்களைப் புயல்காற்று ஒன்றாக்கியது. இரண்டு நாளில் ஐடஹோ, மொன்டானாப் பக்கம் 30 லட்சம் ஏக்கர் போயிற்று, 80 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் தீயணைக்கப் போன கூலிகள். வனத்துறையில் வேலை பார்த்த எட் புலாஸ்கி தன்னோடு இருந்த சுமார் 45 பேரை அந்தச் சுரங்கத்துக்குள் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே மூச்சு முட்டி வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கியைக் காட்டி நிறுத்தினார். வாயிலில் ஈரக் கம்பளிகளைத் தொங்கவிட்டு, அவை பற்றிக்கொண்டபோதெல்லாம் தண்ணீர் அடித்து, கடைசியில் அவரே மயங்கி விழுந்தார். உள்ளே ஐந்து பேர் இறந்தார்கள். மற்றவர்கள் விடியலில் வெளியே வந்து ஊருக்கு நடந்தார்கள்.

அன்று எனக்கு அந்தத் துப்பாக்கிதான் பெரிதாகத் தெரிந்தது. யாருக்கும் அதுதானே முதலில் தெரியும்.

புலாஸ்கி என்ற பெயரை அதற்கு முன்பே என் கை அறியும். ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து மாதிரி அகலமான அலகு, நடுவில் ஒரே பிடி. தீக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் செம்மைப்படுத்தியது அந்தக் கருவி. வேரை வெட்டவும் மண்ணைக் கொத்தவும் இரண்டு கருவி சுமக்க வேண்டாம். சியாட்டிலுக்குப் பக்கத்து மலைகளில் சனிக்கிழமைகளில் தன்னார்வலர்கள் சைக்கிள் தடம் வெட்டப் போவார்கள். நானும் போவேன், கையில் புலாஸ்கியைக் கொடுப்பார்கள். தோளுக்கு மேல் ஓங்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் கை நீட்டினால் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் முதல் பாடம். தடத்தை மலைச் சரிவில் வெட்டும்போது பள்ளத்தின் பக்கமாக ஒரு நூல் சாய்வு விட வேண்டும் என்பது இரண்டாம் பாடம். சாய்வு இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தடத்தின் வழியே ஓடும், ஓடினால் அறுக்கும், ஒரே பருவத்தில் ஒற்றையடிப்பாதை வாய்க்கால் ஆகிவிடும். ஏறிக்கொண்டே போகும் தடம் நடுநடுவே ஏன் சற்று இறங்கி ஏறுகிறது என்பதும் அன்றுதான் புரிந்தது. அதுவரை அது சைக்கிள்காரர்களின் குதூகலத்துக்காக என்றே நினைத்திருந்தேன். தண்ணீரை வெளியேற்றத்தான்.

வாலஸுக்குச் சற்றுக் கிழக்கே, மாநில எல்லையில், அதே 1910 தீயில் ரயில் ஓட்டுநர்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கங்களுக்குள் ரயிலை நிறுத்திக் காப்பாற்றினார்கள். மில்வாக்கி ரோடு என்ற அந்த ரயில் கம்பெனி 1980இல் இந்தப் பாதையைக் கைவிட்டது. இப்போது தண்டவாளம் கழற்றிய தடத்தில் சைக்கிள்கள் போகின்றன, ஹயவாதா தடம் என்று பெயர். 15 மைல், முழுக்க மெல்லிய இறக்கம், உயரமான பாலங்கள், ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள். முதல் சுரங்கம் மட்டும் 1.66 மைல். குழந்தைகள்கூட ஓட்டுகிற தடம் என்று எங்களைப் போன்ற மலைச்சைக்கிள்காரர்கள் உதட்டைப் பிதுக்குவது வழக்கம். அந்த முதல் சுரங்கத்தின் நடுவில், தலைவிளக்கு வெளிச்சத்தில் சுவரில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்க, கோடைக்கால உச்சியில் பல் கிட்டித்த எனக்கு அந்த அலட்சியம் போய்விட்டது. உள்ளே எங்கேயோ மொன்டானா முடிந்து ஐடஹோ தொடங்குகிறது.

ரயில் தடத்தில் சைக்கிள் என்றதும் மிசூலா நினைவுக்கு வருகிறது. அங்கே கோட்டையில் இருந்த 25ஆம் காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள் 20 பேர் 1897 ஜூனில் சைக்கிளில் செயின்ட் லூயிஸுக்குக் கிளம்பினார்கள். ஜேம்ஸ் மாஸ் என்ற வெள்ளை லெப்டினன்ட் தலைமை. குதிரைக்குப் பதில் சைக்கிள் உதவுமா என்று ராணுவம் பார்க்க விரும்பியது. சுமையோடு ஒவ்வொரு சைக்கிளும் ஏறக்குறைய 27 கிலோ, கியர் கிடையாது. சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்ட இடங்களில் ரயில் தண்டவாளத்தின் மேல், கட்டைகளில் தடதடவென்று உருட்டிக்கொண்டு போனார்கள். 1,900 மைல், 41 நாள். என் சைக்கிளில் பன்னிரண்டு பல்சக்கரங்கள், முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி, உட்காரும் இருக்கையைப் பொத்தானால் ஏற்றி இறக்கும் வசதி. இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்க்கும்போது வெட்கப்பட வேண்டும் என்று தோன்றும், வெட்கம் வருவதில்லை.

அந்தக் குழுவில் மிங்கோ சாண்டர்ஸ் என்ற சார்ஜன்ட் இருந்தார். 1906இல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காக, விசாரணையே இல்லாமல், அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 167 கறுப்பினச் சிப்பாய்களை அவமதிப்போடு வேலைநீக்கம் செய்தார். ஓய்வூதியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாண்டர்ஸும் அதில் ஒருவர். ராணுவம் அதைத் திருத்தியது 1972இல். அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டிருந்தன. சைக்கிள் பயணத்தைக் கொண்டாடும் கட்டுரைகள் பெரும்பாலும் செயின்ட் லூயிஸோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை.

அந்தச் சைக்கிள் சிப்பாய்கள் ஹெலினாவுக்கு மேற்கே கண்டப் பிளவு மலைமுதுகைத் தாண்டினார்கள். அதே முதுகில் மெக்டொனால்ட் கணவாயில் இருந்து ஒரு தடம் புல்வெளியும் பைன் காடுமாகப் போகிறது. ஒரு பக்கம் விழும் மழை பசிபிக்குக்கு, மறுபக்கம் விழுவது மெக்சிகோ வளைகுடாவுக்கு. அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கியிருக்கிறேன். திரும்பும் மணி பிற்பகல் இரண்டு. கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடி வரும், முதுகில் ஒதுங்க இடம் கிடையாது.

இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். தென்காசிக்கு வாரம் ஒரு போன். ஒருநாள் சொல்லியே விட்டேன்.

"ஏட்டி, யாரு கூடப் போற?"

"யாரும் இல்லம்மா. தனியாத்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"சரி. அப்ப யாருட்ட சொல்லிட்டுப் போவ?"

மலையேறும் குழுக்கள், வனத்துறை அலுவலகங்கள் எல்லாம் முதல் விதியாகச் சொல்வது இதைத்தான்: எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய், வராவிட்டால் யார் யாரைக் கூப்பிட வேண்டும். கால் மடங்கி விழுந்தால் கூட ஆள் இருந்தால் போய் உதவி கூப்பிடலாம். தனியாக இருந்தால் நான் வரவில்லை என்பதை யாராவது கவனிக்க வேண்டும், அதற்கு முதலில் எப்போது வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பையில் செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவி இருக்கும். மயங்கிக் கிடப்பவளின் பொத்தானை அது தானே அமுக்காது.

கரடி விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. கிரிஸ்லி கரடி இருக்கும் காட்டில் நடப்பவரைவிடச் சைக்கிளில் போகிறவருக்கு ஆபத்து வேறு மாதிரி. சத்தமில்லாமல், வேகமாக, வளைவு திரும்பியதும் எதிரே. 2016இல் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு வெளியே ஒருவர் அப்படித்தான் கரடியின் மேலேயே போய் மோதி உயிர்விட்டார். காட்டையும் அதன் விலங்குகளையும் தொழில்முறையில் அறிந்தவர் அவர். கரடி ஸ்பிரேயைச் சைக்கிள் சட்டத்தில் மாட்டுவது அழகாக இருக்கும். விழும்போது சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆகவே இடுப்பில். முப்பது அடி வரைதான் அது பாயும். கண்மறைவான வளைவுகளில் வேகத்தைக் குறைத்து "ஏய், ஏய்" என்று கத்த வேண்டும். வடக்கே வைட்ஃபிஷ் பக்கம் ஹக்கிள்பெர்ரி பழுக்கும் காலத்தில் தனியாகப் போகத்தான் வேண்டுமா என்று யோசித்து, அந்த ஊரை அடித்துவிட்டேன். அந்தப் பழம் எனக்குப் பிடிக்கும், கரடிக்கு அதைவிட.

வரைபடத்தில் அடிக்க வேண்டியவை வேறும் உண்டு. ஸ்டான்லிக்குக் கிழக்கே வொயிட் கிளவுட்ஸ் மலைகள். காசில் டிவைட் என்ற உயரமான கணவாயைச் சுற்றிச் சைக்கிளில் போவது ஒரு காலத்தில் ஐடஹோக்காரர்களின் கனவு. 2015இல் 2,75,000 ஏக்கரை வனாந்தரக் காப்பகமாக அறிவித்தார்கள், தடம் சைக்கிளுக்கு மூடப்பட்டது. 1964 வனாந்தரச் சட்டம் இயந்திர முறைப் போக்குவரத்தைத் தடுக்கிறது, அதில் சைக்கிளும் சேர்ந்தது என்று வனத்துறை 1984இல் விதியைத் தெளிவாக்கியது. குதிரை போகலாம், சைக்கிள் கூடாதா என்று எங்கள் ஆட்கள் கொதிப்பார்கள். குதிரைக் குளம்பு பிளந்த தடத்தைச் செப்பனிட்டவள் என்ற முறையில் எனக்கும் அந்தக் கோபம் இருக்கிறது. இருந்தாலும் சக்கரம் போகாத மலைகள் நாட்டில் சில இருக்கட்டும் என்றும் தோன்றுகிறது, நான் போகாவிட்டாலும். எல்லைக்கு வெளியே ஃபிஷர் கிரீக் தடம் திறந்துதான் இருக்கிறது.

மாதமும் இன்னும் முடிவாகவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் உயரத் தடங்களில் பனி கிடக்கும், ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை. செப்டம்பர் பின்பாதியில் காற்று சுத்தம், ஆனால் ஹயவாதா தடத்தை மூடிவிடுவார்கள், வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் வந்திருப்பார்கள், உடம்பில் ஆரஞ்சு நிறச் சட்டை வேண்டும். ஸ்டான்லியில் விடியற்காலைத் தண்ணீர்ப் புட்டி உறைந்துவிடும்.

புகை என்றாலே மனம் அந்தச் சுரங்க வாய்க்குப் போய்விடுகிறது. இப்போது துப்பாக்கி கண்ணில் படுவதில்லை. புகையில் எதுவுமே தெரியாத இரவில் புலாஸ்கி எப்படி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்? வனத்துறைக்கு வருமுன் அவர் அந்த மலைகளில் கனிமம் தேடி அலைந்தவர். எந்த மடிப்பில் எந்தச் சுரங்கம் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. நானோ அந்த மலைகளில் அலைந்தவள் இல்லை, வரைபடம் பார்க்கிறவள். அதனால் ஒவ்வொரு நாளின் கோட்டிலும் ஒதுங்க ஒரு இடமாவது தேடிக் குறிக்கிறேன்: ஒரு வனச்சாலைச் சந்திப்பு, ஆள் இருக்கும் முகாம், போன் டவர் எட்டும் ஒரு மேடு. அப்படி ஒரு இடம்கூடக் கிடைக்காத தடங்களை அடித்துவிடுகிறேன். டீட்டன் பக்கம் நான் ரொம்ப ஆசைப்பட்ட ஒன்றும் அப்படித்தான் போயிற்று.

தோழிக்கு முழுப் பட்டியலையும் அனுப்பினேன், கூப்பிட வேண்டிய காவல் அலுவலக எண்களோடு. ஸ்பேர் டியூப் எத்தனை, பின்கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் அந்தச் சின்ன உலோகத்துண்டில் மாற்று ஒன்று வைத்திருக்கிறாயா, அது சின்ன ஊர்க் கடைகளில் கிடைக்காதே என்று கேட்டு எழுதினாள். அம்மாவுக்கும் ஒரு நகல், தமிழில். அதைத் தினசரிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டிவைத்திருப்பதாகச் சொன்னாள். அடுத்த போனில் சந்தேகம்.

"இந்த ஸ்டான்லிக்கு நேரே சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்தின்னு போட்டுருக்கியே, நம்ம மணிக்கு எத்தன?"

"காலைல அஞ்சரைம்மா."

"அஞ்சரைக்கு நான் வாசத் தெளிச்சுக்கிட்டு இருப்பேன். போன வெளிய எடுத்து வச்சுக்கிடுதேன். ஆறே காலுக்குள்ள வரலன்னா அந்தப் பிள்ளைக்கு அடிச்சிருவேன், அவ நம்பரையும் எழுது."

எழுதிக்கொடுத்தேன்.