வைத்த தட்டு இல்லையாம்!

எங்கள் வீட்டில் ஒரு கிழக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் வயிற்றில் ஸி.டி. எழுதும் யந்திரம் ஒன்று உண்டு. தட்டை வைத்தால் உள்ளே இழுத்துக் கொள்ளும், சற்று நேரம் உறுமும், பிறகு "தட்டு வைக்கவில்லையே!" என்று சாதிக்கும். கையில் வாங்கிக் கொண்டதையே இல்லை என்று சொல்லும் சாமர்த்தியம் லேசானதா?

வேறு தட்டாயிருந்தால் சிரித்துவிட்டு எழுந்திருப்பேன். சென்ற தை மாதத்தில் நான் வைத்ததோ 2004-ஆம் வருஷத்தில் இதே யந்திரம் எழுதிய தட்டு. பேரக் குழந்தைகளுக்கு என் தாயார் சொன்ன கதைகள், நடுவே வரும் இருமலும் வெற்றிலைப் பெட்டிச் சப்தமும் உட்பட, அதில் இருந்தன. அவள் காலமாகிப் பல வருஷங்களாகின்றன. வேறு பிரதி கிடையாது.

கடைக்காரரைக் கேட்டேன். "பழைய தட்டு, ஸார்! போயிருக்கும்" என்றார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கடையில் விற்கும் பாட்டுத் தட்டில் நுண்ணிய பள்ளங்களை அச்சிலேயே அழுத்திவிடுகிறார்கள். வீட்டில் எழுதும் தட்டிலோ ஒரு சாயப் பூச்சுத்தான் உண்டு. லேஸர் ஒளி அதைச் சுட்டு அடையாளமிடுகிறது. வெயிலும் உஷ்ணமும் பட்டால் சாயம் கெட்டுவிடும்.

ஆனாலும், இரு தரப்பையும் விசாரியாமல் தீர்ப்புச் சொல்லலாமா? கடையில் வாங்கிய புதிய பாட்டுத் தட்டு ஒன்றை எங்கள் யந்திரத்தில் வைத்தேன். அதையும் திக்கித் திக்கித்தான் படித்தது. அம்மாவின் தட்டை எதிர்வீட்டுச் சிநேகிதரிடம் எடுத்துச் சென்றேன். அவருடைய யந்திரம் இரண்டு இடத்தில் தயங்கிற்று. பிறகு கணீரென்று கதை ஆரம்பமாயிற்று! சிறிது நேரம் எனக்குப் பேச்சு எழவில்லை. அப்பொழுதே பிரதி எடுத்துக் கொண்டேன். வைத்தியம் பிறகு, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டுமல்லவா?

ஆகவே குற்றம் தட்டினுடையதல்ல, யந்திரத்தின் கண்ணுடையது. மிளகைவிடச் சற்றுப் பெரிய லென்ஸ்தான் அந்தக் கண். தட்டில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் சுமார் 600 சுற்றுக்கள் நெருங்கியிருக்கின்றன. வீதிப் புழுதி படிந்த கண்ணுக்கு அவை எப்படித் தெரியும்? மின்சாரத் தொடர்பை அடியோடு நீக்கினேன், ஏனெனில் ஸி.டி. லேஸர் நம் கண்ணுக்குப் புலப்படாமலே கண்ணைக் கெடுக்கக் கூடியது. புழுதியை ஊதிப் போக்கி, சாராயச் சத்தில் நனைத்த பஞ்சினால் லென்ஸை மெல்ல ஒற்றி எடுத்தேன். தட்டையும் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கலாகாது. குறுக்கே விழும் கீறலை யந்திரம் சமாளித்துக் கொள்ளும். சுற்றின் வழியே நீளும் கீறலோ தொடர்ந்தாற்போல் பல எழுத்துக்களை விழுங்கிவிடும்.

பார்வை திரும்பிற்று. அம்மாவின் தட்டை அது தடையின்றிப் படித்தது. ஆனால் எழுதச் சொன்னால் மட்டும் பழைய கதைதான். புதிய தட்டுப் போட்டேன், வேகத்தைக் குறைத்தேன், பயனில்லை. படிப்பதற்கு மெல்லிய ஒளி போதும். எழுதவோ அதைப்போல் பல மடங்கு பலம் வேண்டும். வயதான லேஸருக்கு அந்தப் பலம் ஏது?

என் தாயாரும் கடைசி நாட்களில் அப்படித்தான் இருந்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தால் பத்திரிகையை வரி விடாமல் படிப்பாள். கடிதம் எழுத உட்கார்ந்தால் மட்டும் கை நடுங்கும்.

ஆகையால் கிழ யந்திரத்தை நான் எறியவில்லை. எழுதும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டேன், படித்துக் கொண்டிருக்கட்டும். அம்மாவின் குரல் இப்பொழுது மூன்று இடங்களில் பத்திரமாயிருக்கிறது.

உங்கள் அலமாரியிலும் இப்படி ஒரு தட்டு இருக்கக் கூடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக் கேட்டுப் பாருங்கள். யந்திரம் "இல்லை" என்று சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள்!